கடைசிப் பொத்தான்

"கப்பலைக் காட்டுங்க."

இந்த வேலையை எனக்குக் கொடுத்த வக்கீல் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். என்ன வேண்டுமானாலும் கேள், யாரை வேண்டுமானாலும் நோண்டு, கப்பலைக் காட்டு என்று மட்டும் வாய் தவறியும் கேட்டுவிடாதே, கேட்ட நிமிஷமே கதவைச் சாத்திவிடுவார்கள் என்று. நான் நாற்காலியில் உட்காரும் முன்பே கேட்டுவிட்டேன். ஒரு கதவு எவ்வளவு வேகமாகச் சாத்தப்படுகிறது என்பதும் ஒரு தகவல்தான்.

மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த கடற்படை விசாரணை அதிகாரி கோபப்படவில்லை. அவருடைய சட்டை மடிப்பில் விரலை வைத்தால் அறுத்துவிடும் போலிருந்தது. மனசுக்குள் அவருக்கு இஸ்திரி என்று பெயர் வைத்தேன்.

"கப்பல் ரிப்பேர்ல நிக்குது. முன்பக்கம் பாதி இல்ல. எதைம்மா பாப்பீங்க?"

"மிச்சப் பாதிய."

எனக்குப் பின்னால் நின்ற ரேடியோ இருமினார். நான் துப்பறிகிறவள்; ரேடியோ என் உதவியாளர். என்னைவிட வயதில் ரொம்ப மூத்தவர். ஒரு நாடகக் குழுவில் இருபது வருஷம் திரைக்குப் பின்னால் நின்று, வசனம் மறந்த நடிகர்களுக்குக் கிசுகிசுப்பாக எடுத்துக் கொடுத்தவர். அந்த இருபது வருஷத்துக்கும் சேர்த்து இப்போது பேசிக்கொண்டிருக்கிறார்.

"சார், மேடம் இப்படித்தான். ஓட்டலுக்குப் போனாலும் முதல்ல சமையல்கட்டத்தான் காட்டச் சொல்லுவாங்க," என்றார்.

"இது ஓட்டல் இல்ல. சில விஷயம் உங்களுக்குப் புரியாது," என்றார் இஸ்திரி.

எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். "உனக்குப் புரியாது" என்பதை எத்தனை வகையான நாற்காலிகளிலிருந்து கேட்டிருக்கிறேன் என்று ஒரு கண்காட்சியே வைக்கலாம். இது சுழல் நாற்காலி.

"புரியற மாதிரி சொல்லுங்க," என்றேன்.

விஷயம் இதுதான். போன வாரம் விடியும் முன், துறைமுகத்துக்கு வெளியே ஒரு போர்க்கப்பல் திடீரென்று திசைமாறி ஒரு பெரிய சரக்குக் கப்பலின் குறுக்கே போய் விழுந்தது. கீழ்த்தளத்தில் தூங்கிக்கொண்டிருந்த மூன்று பேர் எழுந்திருக்கவே இல்லை. அப்போது ஸ்டியரிங் பிடித்திருந்த இளைஞன், தாடை உடைந்து வாயில் கம்பி கட்டி, கடற்படை ஆஸ்பத்திரியில் காவலோடு கிடக்கிறான். தாடை உடையும் முன் அவன் கத்தியதைக் கப்பலை ஓட்டுகிற அறையில் இருந்த எல்லோரும் கேட்டிருக்கிறார்கள்: "ஸ்டியரிங் செத்துப்போச்சு!"

மோதிய பிறகு ஸ்டியரிங்கைச் சோதித்தார்கள். அது ஜம்மென்று உயிரோடு இருந்தது. ஆக, அவன் சொன்னது பொய். ஆக, அவன் தூங்கிவிட்டுச் சமாளிக்கிறான். விசாரணை அந்த இடத்தில் வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டது. "கண்ணயர்ந்துவிட்டேன்" என்று இன்று சாயங்காலத்துக்குள் அவன் கையெழுத்துப் போட்டால் வேலை மட்டும் போகும். மறுத்தால் ஜெயில். அவனுக்கு இருப்பது ஒரே அக்கா. அவள்தான் வக்கீலிடம் வந்தாள். வக்கீல் என்னிடம் வந்தார்.

"மெஷின்ல கோளாறு இல்லன்னு எப்படி அடிச்சுச் சொல்றீங்க?"

"மோதறதுக்கு முந்தின நாள்தான் போர் வந்தா தயாரான்னு பெரிய ஆய்வு நடந்துது. முழு மார்க். அதோ."

சுவரில் பெரிதாக ஒரு புகைப்படம். கப்பலை ஓட்டுகிற அறை. ஆய்வுக்கு வந்த பெரியவர் வெள்ளைக் கையுறை மாட்டிய விரலால் ஸ்டியரிங் மேசையைத் தடவி, தூசி இருக்கிறதா என்று பார்க்கிறார். சுற்றி நின்றவர்கள் மூச்சை அடக்கிக்கொண்டு சிரிக்கிறார்கள். மேசை கண்ணாடி போல மின்னியது.

ரேடியோ கிட்டே போய் உற்றுப் பார்த்தார். "மேசைக்கு அம்மை போட்டுதா சார்? சுவிட்ச் மேல வட்டமா தழும்பு தெரியுது?"

"லைட் அடிக்குது," என்றார் இஸ்திரி, கொஞ்சம் சீக்கிரமாகவே. நானும் அப்படித்தான் நினைத்தேன்.

"ஸ்டியரிங் அந்த ஒரு எடத்துல மட்டும்தானா?"

"ரெண்டு சீட் இருக்கு. ஒருத்தர் ஸ்டியரிங், பக்கத்துல இருக்கறவர் வேகம். வேணும்னா ஒருத்தரே ரெண்டையும் பாக்கலாம். வேகத்தைப் பக்கத்து சீட்டுக்கு அனுப்ப ஒரு சுவிட்ச், ஸ்டியரிங்கை அனுப்ப ஒரு சுவிட்ச். எல்லாம் சோதிச்சாச்சு, எல்லாம் சரியா இருக்கு."

மேசைக்கு அடியிலிருந்து ஒரு துணிப்பையை எடுத்து நீட்டினார். "அவனோட துணிமணி. அக்காகிட்ட குடுத்துடுங்க. கையெழுத்துப் போடச் சொல்லுங்கம்மா. அவங்க சொன்னா அவன் கேப்பான்."

சந்திப்பு முடிந்தது. கதவு மெதுவாகத்தான் சாத்தப்பட்டது.

கடற்படை கேட்டுக்கு வெளியே ஒரு கூட்டம். அம்மாக்கள், மனைவிகள், கைக்குழந்தைகள், தின்பண்டப் பைகள். சாயங்காலம் வேறு இரண்டு கப்பல்கள் கிளம்புகின்றனவாம், வழியனுப்ப வந்தவர்கள். எங்கள் செல்போன்களைத் திருப்பிக் கொடுத்த காவலாளி, அவர்களோடு பேசக்கூடாது என்று எங்களை எச்சரித்தான். அதையும் வக்கீல் முன்பே சொல்லியிருந்தார்.

*

அந்த அக்கா ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்துகிறாள். பள்ளி என்றால் ஒரு கார், ஒரு மைதானம், அவள். நாங்கள் போனபோது ஒரு நடுத்தர வயது மனிதர் காரைப் பின்னோக்கி எடுத்து, ஒரு தகர டின்னைச் சப்பையாக்கி இறங்கிக்கொண்டிருந்தார்.

"பரவால்ல சார். நேத்து செவுரு, இன்னிக்கு டின். முன்னேற்றம்தான்," என்று அவரை அனுப்பிவிட்டு எங்களைப் பார்த்தாள். பையைப் பார்த்ததும் முகம் மாறியது. "செத்தவன் துணி மாதிரி குடுத்தனுப்பி இருக்காங்க."

"கையெழுத்துப் போடச் சொல்றாங்கக்கா," என்றேன்.

"தூங்கினேன்னா?"

"ஆமா."

"அவன் சின்ன வயசுலகூட வண்டில தூங்கமாட்டான்மா. பஸ்ல போனா டிரைவர் பின்னாடி நின்னுக்கிட்டே வருவான்."

கார் பானட்டின் மேல் துணிகளை எடுத்து வைத்தோம். சட்டைகளை ஒவ்வொன்றாக உதறி மடித்துக்கொண்டிருந்த ரேடியோ நிறுத்தினார்.

"மேடம், இந்தத் தம்பிக்குத் தொப்பை உண்டா?"

"எலும்பும் தோலுமா இருப்பான். ஏன்?" என்றாள் அக்கா.

"தொப்பை இருந்தா நடுப் பொத்தான் தெறிக்கும். இவருக்கு எல்லாச் சட்டையிலயும் கடைசிப் பொத்தான் இல்ல. கடைசி தெறிக்கணும்னா தொப்பை மாடியிலேர்ந்து எறங்கி வந்திருக்கணும்."

வாங்கிப் பார்த்தேன். எல்லாச் சட்டையிலும் அதே இடம். பிய்ந்து போயிருந்தால் துணி கிழிந்திருக்கும், நூல் தொங்கும். இங்கே நூலைக் கத்தரித்துப் பொத்தானை எடுத்திருந்தான்.

"அத ஏன் கேக்கறே," என்றாள் அக்கா. "ஒவ்வொரு லீவுக்கும் தைச்சுக் குடுப்பேன். அடுத்த லீவுக்கு வரப்ப அது மட்டும் இருக்காது. கேட்டா சிரிப்பான். ஒனக்குத் தெரியாததா அக்கான்னுவான்."

பேன்ட்டுக்குள் போய்விடுகிற பொத்தான். வரிசையில் நிற்க வைத்து உடுப்பைப் பார்க்கிற அதிகாரிக்கும் தெரியாத ஒரே பொத்தான். அவனுக்குப் பொத்தான் தேவைப்பட்டிருக்கிறது. இல்லாதது தெரியக்கூடாத இடத்திலிருந்து எடுத்திருக்கிறான். எதற்கு?

மழை தூற ஆரம்பித்தது. துணிகளை அள்ளிக்கொண்டு காருக்குள் புகுந்தோம். ஓட்டுபவர் இருக்கையில் நான், பக்கத்தில் அக்கா, பின்னால் ரேடியோ. அக்காவின் காலடியிலும் ஒரு பிரேக் இருந்தது. பயிற்சிக் காரில் அப்படித்தான். கற்றுக்கொள்பவர் தடுமாறினால் பக்கத்தில் இருப்பவர் அழுத்த வேண்டுமே.

"வைப்பரப் போடும்மா, ஒண்ணும் தெரியல," என்றாள்.

புழுதியும் மழையுமாகக் கண்ணாடி மங்கியிருந்தது. வெளியே பார்த்தபடியே கையை நீட்டித் தடவினேன். வரிசையாக வழவழவென்று ஒரே மாதிரி சுவிட்சுகள். அதில் ஒன்றின் மேல் மட்டும் மேடாக, வட்டமாக, நடுவில் குழிகளோடு ஏதோ ஒன்று விரலில் தட்டியது. அழுத்தினேன். வைப்பர் ஓடியது.

குனிந்து பார்த்தேன். சட்டைப் பொத்தான். பசை போட்டு ஒட்டியிருந்தது.

"அக்கா, இது என்ன?"

"அதுவா? கத்துக்க வர்றவங்க வைப்பர் போடறதுக்குக் குனிஞ்சு பாப்பாங்க. ரோட்ட விட்டுடுவாங்க. அதான் ஒரு பொத்தானை ஒட்டிட்டேன். கண்ணு ரோட்டுலயே இருக்கட்டும், கை தானா தேடிக்கும். அவனும் இதே கார்லதான்..."

அவள் நிறுத்திவிட்டாள். வைப்பர் மட்டும் போய்ப் போய் வந்தது.

"விடியறதுக்கு முன்னாடி," என்றேன் மெதுவாக. "வெளிய பாக்கறதுக்காக ரூம்ல லைட்டெல்லாம் அணைச்சிருப்பாங்க. அவன் கண்ணு கடல்மேல. ரெண்டு வேலையையும் அவனே பாத்துட்டிருக்கான்னு வெச்சுக்கங்க. வேகத்தை மட்டும் பக்கத்து சீட்டுக்கு அனுப்பச் சொல்றாங்க. பக்கத்துப் பக்கத்துல ஒரே மாதிரி ரெண்டு சுவிட்ச். வேகத்தை அனுப்பறது மேல அவன் பொத்தானை ஒட்டி வெச்சிருக்கான், கை அடிக்கடி தேடற மத்த சுவிட்ச் மேலயும்தான். கை தேடுது."

"பொத்தான் இருந்தா சரியா அமுக்குவான்," என்றாள் அக்கா. "அப்புறம் எப்படித் தப்பாச்சு?"

"இல்லாம இருந்தா?"

ரேடியோ தலையில் கை வைத்துக்கொண்டார். "அம்மைத் தழும்பு!"

வெள்ளைக் கையுறை வருகிறது என்று கப்பலைத் துடைத்திருக்கிறார்கள். மேசையில் ஒட்டியிருந்த அசிங்கத்தைச் சுரண்டி எறிந்திருக்கிறார்கள். பொத்தானைக் காணோமென்றதும் விரல் எதையோ ஒன்றை நம்பியிருக்கிறது. அது ஸ்டியரிங்கை அனுப்புகிற சுவிட்ச். அந்த நொடியில் அவன் கையிலிருந்த ஸ்டியரிங் செத்தது, பக்கத்து சீட்டில் உயிர்த்தது. பக்கத்தில் இருந்தவனுக்கு அது தன்னிடம் வந்ததே தெரியாது. தம்பி கத்தியதும் உண்மை, சோதனையில் கண்டதும் உண்மை.

"ஒண்ணு மட்டும் இடிக்குது," என்றேன். "முந்தின நாள் ஆய்வப்போ அவன் அங்கதானே நின்னிருப்பான்? சுரண்டினது தெரிஞ்சிருக்குமே?"

"அவன் எங்க நின்னான்?" என்றாள் அக்கா. "அந்த வாரம் பூரா பக்கத்துக் கப்பல்லதான் நின்னான். அங்கயும் ஆய்வாம், ஆள் போதலையாம். தலைய எண்ணறப்போ நிக்கறதுக்கு இவனை இரவல் வாங்கியிருக்காங்க. இவன் கப்பல்ல இவன் எடத்துல வேற எவனோ நின்னானாம். அன்னிக்கு ராத்திரி திரும்பினதும் நேரா டியூட்டி. போன்ல சொல்லிச் சிரிச்சான். 'அக்கா, ஒரே நேரத்துல ரெண்டு கப்பல்ல நிக்கற ஒரே ஆளு நான்தான்'னு."

இரண்டு கப்பலுக்கும் முழு மார்க். நிற்க ஆள் இல்லாத கப்பலும், ஆளை இரவல் கொடுத்த கப்பலும், ஆய்வு அன்றைக்குப் போருக்குத் தயார்.

அக்கா கையை நீட்டி வைப்பர் சுவிட்சின் மேல் இருந்த பொத்தானை ஒரு விரலால் தொட்டாள். "அப்போ நான் கத்துக் குடுத்ததுதான்மா."

என் மடியில் இருந்த சட்டையை மடித்து அவளிடம் கொடுத்தேன்.

"அவன் தூங்கல, இல்ல?"

"தூங்கலக்கா."

"ஜெயிலுக்குப் போனாலும் போகட்டும்." அக்கா பொத்தானிலிருந்து விரலை எடுத்தாள். "மூணு பேரு செத்தப்ப இவன் தூங்கிட்டிருந்தான்னு மட்டும் ஒருத்தரும் எழுதக் கூடாது. அந்தப் பசங்க அம்மா கேட்டா என்ன சொல்லுவேன்? போ. அந்தக் கடற்படைக்காரங்ககிட்ட சொல்லு. யார்கிட்ட வேணா சொல்லு."

*

இரண்டாவது முறை இஸ்திரி என்னை மட்டும் உள்ளே விட்டார். ரேடியோ வராந்தா பெஞ்சில் உட்கார வைக்கப்பட்டார்.

எல்லாவற்றையும் சொன்னேன். சட்டை, கார், தழும்பு, இரவல் ஆள். துப்பறிகிறவளுக்கு இதுதான் தித்திப்பான இடம். எதிரில் இருப்பவர் முகம் வெளுக்க வேண்டும். இஸ்திரியின் முகம் வெளுக்கவில்லை. கடைசி வரை கேட்டார். பிறகு மேசை இழுப்பறையைத் திறந்து, குண்டூசி போட்டு வைக்கிற சின்னக் கிண்ணம் ஒன்றை எடுத்து என் முன்னால் வைத்தார்.

உள்ளே வெள்ளைச் சட்டைப் பொத்தான்கள். பின்பக்கம் காய்ந்த பசை.

"அந்த ரூம் குப்பை முறத்துல கெடந்துது," என்றார். "மோதின அன்னிக்கே பொறுக்கிட்டேன்."

ஒரு வாரமாகத் தெரிந்திருக்கிறது. நான் மழையில் நனைந்து, மூளையைக் கசக்கிக் கண்டுபிடித்ததை இவர் குண்டூசிக் கிண்ணத்தில் போட்டு வைத்திருக்கிறார்.

"எப்படிப் புரிஞ்சுது?"

"எங்க காலத்துல தீக்குச்சிய ஒடைச்சு ஒட்டுவோம்." சிரித்த மாதிரி இருந்தது. "கப்பல் ஓட்டின எல்லாருக்கும் தெரியும்மா. கையுறை மாட்டிட்டு வந்தாரே, அவரும் ஒட்டினவர்தான். ஆய்வு அன்னிக்கு மட்டும் எங்க யாருக்கும் தெரியாது."

"அப்போ எழுதுங்க!" மேசையைத் தட்டிவிட்டேன். "இருக்கறத இருக்கற மாதிரி எழுதறதுக்கு என்ன சார் கேடு?"

"எழுதினேன். திரும்பி வந்துது. மறுபடி எழுதினேன். இதே மேசை இருக்கற கப்பல் எல்லாத்தையும் கட்டிப்போடணும்னு வருது, ஒரே ஆளை ரெண்டு எடத்துல எண்ணினது வெளிய வருது, இப்ப இருக்கற நெலமைல முடியாதுன்னாங்க. மூணாவது தடவை எழுதினா விசாரணைக்கு வேற ஆள போடறோம்னாங்க." குரலைத் தாழ்த்தினார். "அந்த வேற ஆள் யாருன்னு எனக்குத் தெரியும். தூங்கினான்னு எழுதமாட்டான். வேணும்னே செஞ்சான்னு எழுதுவான். தூங்கினான்ங்கறது, நான் அந்தப் பையனுக்காகப் பேரம் பேசி வாங்கினது."

எதிரி என்று நினைத்துத் தேடி வந்த இடத்தில், அழுக்கே படாத சட்டை போட்ட இன்னொரு கையாலாகாத மனிதர். திட்டுவதற்குக்கூட ஆள் இல்லாமல் போய்விட்டது. எனக்கு அதுதான் தாங்கவில்லை.

"சாயங்காலம் கெளம்புதே, ரெண்டு கப்பல். அதுலயும் இதே மேசையா?"

"ம்."

"அதுலயும் சுரண்டியாச்சா?"

"ஆய்வு முடிஞ்ச கப்பல் சுத்தமாத்தான் இருக்கும்."

"பசங்களுக்குத் தெரியுமா?"

"பாதிப் பேர் இன்னிக்குத்தான் இரவல் போன எடத்துலேர்ந்து திரும்பறாங்க. சீட்ல உக்காந்து, இருட்டுல கை தேடறப்போ தெரியும்."

"நீங்க போய்ச் சொல்லுங்க!"

"விசாரணை முடியற வரைக்கும் நான் எந்தக் கப்பல்லயும் கால் வெக்கக்கூடாது. மாலுமிங்ககிட்ட பேசக்கூடாது. உத்தரவு." கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "உங்களுக்கும் ஒண்ணு சொல்லணும். கேட்டுல நிக்கற குடும்பங்ககிட்ட இதைப் பத்தி ஒரு வார்த்தை போனா, அந்தப் பையனுக்கு நான் வாங்கின சலுகை அந்த நிமிஷமே போயிடும். ஜெயில்தான். யோசிச்சு நடந்துக்கங்க."

சொல்லிவிட்டு எழுந்து ஜன்னலுக்குப் போனார். எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். கிண்ணத்தை மூடவில்லை. ரொம்ப நேரம் திரும்பவும் இல்லை.

ஒரு பொத்தானை எடுத்துக் கைக்குள் மூடிக்கொண்டேன். கிண்ணம் கிணுங்கியது. அவருக்குக் கேட்டிருக்கும்.

யோசிக்க என்ன இருக்கிறது? என்னால் தம்பியைக் காப்பாற்ற முடியாது. எந்தப் பக்கம் போனாலும் சுவர். அக்கா அந்தக் காரில், வைப்பர் ஓடிக்கொண்டிருந்தபோதே முடிவெடுத்துவிட்டாள். நான் அதைத் தூக்கிக்கொண்டு மாடியேறி, வேறு வழி உண்டா என்று ஒரு முறை பார்த்தேன், அவ்வளவுதான்.

"வரேன் சார்," என்றேன்.

"கதவைச் சாத்திட்டுப் போங்கம்மா," என்றார், திரும்பாமலே.

நான் அதைத் திறந்தபடி விட்டுவிட்டு வந்தேன்.

பெஞ்சிலிருந்து ரேடியோ எழுந்தார். "என்ன மேடம்? ஜெயிச்சோமா?"

"இல்ல."

"தம்பி?"

கையைத் திறந்து காட்டினேன். காய்ந்த பசையைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார்.

"ரேடியோ, நாடகத்துல கடைசி வரிசைக்கும் கேக்கற மாதிரி பேசறது எப்படின்னு உங்களுக்குத் தெரியும்ல?"

"மத்தவங்களுக்குச் சொல்லிக் குடுத்திருக்கேன். நான் பேசினதில்ல."

"இன்னிக்குப் பேசுங்க. கேட் வாசல்ல நிக்கற கூட்டத்துல, பின்னாடி கொழந்தையோட நிக்கறவளுக்கும் கேக்கணும். உக்காந்ததும் முதல்ல கண்ணால பாரு, அப்புறம் கைய வைன்னு அவ வீட்டுக்காரனுக்கு போன்ல சொல்ல அவளுக்கு நேரம் இருக்கணும்."

"வக்கீல் கொன்னுடுவாரு மேடம்."

நான் அதற்குள் பாதிப் படி இறங்கியிருந்தேன். பின்னால், பழைய நாடகக்காரர் ஒருவர் தொண்டையைச் செருமிச் சரிசெய்வது கேட்டது.